இறக்கைக்குள் இருந்தவள்

நெட்டி ஸ்வோபோடாவை இருபத்து மூன்று வயது வரைக்கும் யாரும் வேலைக்கு என்று கூப்பிட்டதில்லை. வேடிக்கை காட்டத்தான் கூப்பிட்டார்கள். அவள் உயரம் மூன்றரை அடி. கான்சஸ் மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவில் செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் லிபுஷா. அங்கே தீவனக்கடை வைத்திருந்தவரின் கடைசிப் பெண் அவள். பதினேழு வயதில், குள்ளர்கள் மட்டுமே நடிக்கிற ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினாள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் ஆறடி ஆள் ஒருவன் மேடைக்கு வந்து அவளை ஒரே கையால் அள்ளித் தூக்கி, ஒரு தொப்பிப் பெட்டிக்குள் உட்கார வைப்பான். கொட்டகை அதிரச் சிரிக்கும். ஆறு வருடம் அந்தச் சிரிப்பில்தான் அவள் சாப்பிட்டாள். யாராவது தன்னைத் தூக்கினால் இன்றைக்கும் அந்தச் சிரிப்புதான் காதில் விழும் என்று பிற்காலத்தில் சொல்வாள்.

உலகப்போர் நடந்துகொண்டிருந்த நாற்பத்திரண்டாம் வருடம் ஒமாஹாவில் ஆட்டம் முடிந்து முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்றார்.

"விமான இறக்கை செய்யற தொழிற்சாலையிலிருந்து வரேம்மா. எல்லா உயரத்துலயும் ஆள் கிடைச்சாச்சு. உங்க உயரத்துக்குத்தான் கிடைக்கல."

கிண்டல் என்று நினைத்து அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அவர் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை. நுனிப் பக்கம் போகப் போக உள்ளே இடம் ஒன்றரை அடிதான். அதற்குள் ஓர் ஆள் படுத்து வேலை செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி.

அடுத்த வாரமே அவள் கிளம்பிவிட்டாள்.

தகடுகளைப் பொருத்தும் ரிவெட் ஆணியை அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்பவள் காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிப்பாள். உள்ளே இருப்பவள் ஆணியின் வால்பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பாள். இரண்டுக்கும் நடுவில் நசுங்கி, வால் ஒரு பொத்தானைப்போலத் தட்டையாக வேண்டும். நடுவில் அலுமினியத் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் தகட்டில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு, இன்னும் கொஞ்சம் அடி. மூன்று தட்டு, கெட்டுப்போச்சு, துளைத்து எடு.

வெளியே நின்றவள் லொரீன் டாக்கெட். ஆர்க்கன்சா மலைப்பக்கத்துக்காரி. ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. சர்க்கரைப்பாகு வந்த தகர டப்பாவில் ஆறிப்போன அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் கொண்டுவந்து சாப்பிடுவாள். முதல் நாள் இரண்டு பேரையும் ஃபோர்மன் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியபோது வரிசை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது. லொரீன் மட்டும் குனிந்து பார்த்துக் கேட்டாள்.

"ஏ புள்ள, கீழ காத்து எப்படி இருக்கு?"

"மேல இருக்கிற அளவுக்கு நாறல," என்றாள் நெட்டி.

லொரீன் சிரித்த சிரிப்பில் தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து விழுந்தது. அன்றிலிருந்து நெட்டி அவளுக்கு ராணி. "ராணி அரண்மனைக்குள்ள படுத்துருப்பா, நாம வெளிய நின்னு கதவத் தட்டணும்" என்பாள். நெட்டிக்கு அவள் ஒட்டகம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் விடுதி சமையலறையில் கசகசா வைத்த கொலாச்சே பன் சுடுவார்கள். லொரீன் மேல்தட்டிலிருந்து மாவை எடுத்துக் கொடுப்பாள். நெட்டி முக்காலிமேல் ஏறி நின்று பிசைவாள். தன்னைத் தூக்கினால் தனக்குப் பிடிக்காது என்று ஒருமுறை அங்கே வைத்துத்தான் சொன்னாள், தொப்பிப் பெட்டிக் கதையோடு. லொரீன் கேட்டுவிட்டு, "அந்த ஆறடிக்காரன் எங்கிட்ட மாட்டணும், அவனைப் பெட்டில வெச்சு மூடிடுவேன்" என்றாள்.

கோடையில் இறக்கைக்குள் அடுப்பு. குளிர்காலத்தில் தகடு தோலில் ஒட்டும். இடது காது மெல்ல மெல்லக் கேட்காமல் போயிற்று. ஆனாலும் அந்தப் பதினெட்டு மாதம்போல நெட்டி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. வேலையைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் ஆர்வல் பென்ராட் பெரிய வயிற்றுக்காரர். இறக்கையின் துளைக்குள் கையும் விளக்கும்தான் அவரால் விட முடியும். அதனால் கடைசியில் நெட்டியைத்தான் கேட்பார். "உள்ள எப்படி, மிஸ் ஸ்வோபோடா?" அவள் "சரியா இருக்கு சார்" என்றால் அவர் முத்திரை குத்துவார். மூன்றரை அடிப் பெண்ணின் ஒரு வார்த்தையை நம்பி ஒரு விமானம் கிளம்பிப் போகிறது என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறையும்.

நாற்பத்து நான்கு ஜனவரியில் தொழிற்சாலைப் பத்திரிகைக்காகப் படம் எடுக்க ஒருவர் வந்தார். சாப்பாட்டு நேரம். எல்லோரும் ஒரு குஷியில் இருந்தார்கள். "நெட்டை குட்டை ஜோடி எங்கே?" என்று அவர் கேட்டதும் யாரோ இருவரையும் முன்னால் தள்ளினார்கள். லொரீன் சட்டென்று குனிந்து நெட்டியை வாரித் தூக்கி, கைக்குழந்தையைப்போல முழங்கையில் உட்கார வைத்துக்கொண்டாள். விளக்கு மின்னியது. முந்நூறு பேர் சிரித்தார்கள். கீழே இறக்கிவிட்டு லொரீன் சோள ரொட்டியை எடுத்துக் கடித்தாள். அவளுக்கு அது அந்த நிமிடத்தோடு முடிந்த விளையாட்டு.

நெட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இரும்புக் கட்டியை எடுத்துக்கொண்டு இறக்கைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் கழித்துப் பத்திரிகை வந்தது. அட்டைப் படமே அதுதான். கீழே அச்சிட்டிருந்தது: எங்கள் தொழிற்சாலையின் செல்லக் குழந்தை. வாசலில் காவலாளி அதை நீட்டி, "கையெழுத்துப் போட்டுத் தரியா பாப்பா?" என்றான். நெட்டி ஒரு பிரதியை நாலாக மடித்து மேலுடைப் பையில் வைத்துக்கொண்டாள். ஏன் வைத்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அதே நாளில்தான் லொரீனின் கணவன் டூவி வருவதாக இருந்தது. விமானத்தில் வால்பக்கத் துப்பாக்கிக்காரனாகப் பயிற்சி முடித்திருந்தான். அவர்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோகிற ரயில் நாலேகால் மணிக்கு ஊர் ஸ்டேஷனில் நாற்பது நிமிடம் நிற்கும் என்று தந்தி அடித்திருந்தான். ஷிஃப்ட் முடிவது நாலரைக்கு, ஸ்டேஷன் அங்கிருந்து அரைமணி தூரம். ஃபோர்மன் அனுமதி தரவில்லை. அந்த இறக்கை அன்றைக்கே முடிந்தாக வேண்டும் என்றார். லொரீன் வயிற்று வலி என்று நர்ஸிடம் சொல்லி, மூன்றரைக்குக் கிளினிக் போகச் சீட்டு வாங்கி வைத்திருந்தாள். அங்கிருந்து நழுவிவிடலாம் என்று கணக்கு.

கடைசி வரிசை, பெட்ரோல் தொட்டி உட்காரும் இடத்துக்குப் பின்னால். ஒரு கையைத்தான் நீட்ட முடிகிற மூலை. வெளியே லொரீன் அவசர அவசரமாக அடித்தாள். உள்ளே நெட்டியின் கை நழுவியது. நழுவியதும் அவள் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. கட்டியை மறுபடியும் பிடிப்பதற்குள் அடுத்த ஆணி, அதற்கடுத்த ஆணி. விளக்கைத் திருப்பிப் பார்த்தபோது பதினோரு ஆணிகளின் வாலும் தட்டையாகாமல் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தன. இரண்டில் விரிசல். அவள் மூன்று தட்டுத் தட்டினாள்.

துப்பாக்கி நின்றது. துளையில் லொரீனின் முகம் வந்தது.

"எத்தனை?"

"பதினொண்ணு. எல்லாம் சாஞ்சுபோச்சு."

"சாஞ்சுதானே போச்சு, விழலையே. நாளைக்கு முதல் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வந்து எல்லாத்தையும் துளைச்சு எடுத்துடறேன். இப்ப விட்டுடு ராணி."

"பென்ராட் வருவாரே."

"வரட்டுமே. அவரு வயித்த வெச்சுக்கிட்டு இந்த ஓட்டைல என்னத்தப் பாப்பாரு? உன்னத்தான் கேப்பாரு. ஒரு 'ம்' போடு, போதும். இறக்கை எப்படியும் நாளைக்கு மத்தியானம்தான் ரயிலேறும்."

நெட்டியின் பையில் இருந்த காகிதம் விலாவில் குத்தியது.

"டூவி போறான்டி," என்றாள் லொரீன். அவள் குரல் அப்படி இறங்கி நெட்டி கேட்டதில்லை. "திரும்பி வருவானோ வரமாட்டானோ."

"போ," என்றாள் நெட்டி.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு லொரீன் ஓடினாள்.

பென்ராட் அன்றைக்குச் சீக்கிரமே வந்தார், நாலு மணிக்கு. விளக்கை விட்டுப் பார்த்தார். முன்வரிசைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கேட்டார்.

"உள்ள எப்படி, மிஸ் ஸ்வோபோடா?"

பிற்காலத்தில் நெட்டி அந்த நிமிடத்தை எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்திருக்கிறாள். அந்த இறக்கையில் ஏறிப் பறக்கப்போகிற பத்துப் பேர் நினைவுக்கு வந்தார்களா? வந்தார்கள். அது பொய்யில்லை. ஆனால் அவர்களுக்கு முன்னால் முந்நூறு பேரின் சிரிப்பு வந்தது. எது எதைத் தள்ளியது என்று சொல்ல முடியவில்லை.

"பின்பக்கத்துல பதினொண்ணு சரியில்ல சார்."

பென்ராட் பாராட்டுவதுபோலத் தலையை ஆட்டினார். "அடிச்சது யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்தான். என் கை நழுவிப்போச்சு."

"உங்க ஜோடி எங்கே?"

"கிளினிக்ல."

ஃபோர்மன் கிளினிக்குக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே இல்லை. வாசலில் கேட்டார். மூன்று ஐம்பதுக்கே வெளியே போய்விட்டாள் என்றார்கள். இறக்கையில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

நெட்டி தன் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. பக்கத்து வரிசையில் யாரையாவது, "ஒரு இருபது நிமிஷம் வந்து துப்பாக்கி பிடி" என்று கூப்பிட்டிருந்தால் யாரும் மாட்டேன் என்றிருக்கமாட்டார்கள். பென்ராட் வருவதற்குள் பதினொன்றையும் துளைத்து எடுத்து, புதிதாக அடித்து முடித்திருக்கலாம். விமானமும் பிழைத்திருக்கும், லொரீனும் பிழைத்திருப்பாள். பொய்யும் வேண்டாம், காட்டிக்கொடுப்பதும் வேண்டாம். லொரீன் ஓடிய அந்த நிமிடத்திலிருந்து அவள் கையில் முழுசாக அரைமணி நேரம் இருந்தது. அந்த அரைமணி நேரமும் அவள் இறக்கைக்குள் சும்மா படுத்துக்கிடந்தாள்.

மறுநாள் காலை லொரீனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பொய்ச் சீட்டு, பாதி ஷிஃப்டில் வெளியேறியது, கெட்ட வேலையை மறைத்தது. போர்க்காலத்தில் விடுவிப்புச் சீட்டு இல்லாமல் ஒரு தொழிற்சாலையிலிருந்து நின்றவளை இன்னொரு தொழிற்சாலை தொடாது. அதைக் கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். நெட்டி அப்போது வேறொரு இறக்கைக்குள் இருந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் விடுதிக்கு ஓடினாள். அவள் கால்களுக்கு அது நெடுந்தூரம். அறை திறந்து கிடந்தது. படுக்கையைச் சுருட்டிவிட்டிருந்தார்கள்.

பக்கத்து அறைப் பெண் ஐவா சொன்னாள்:

"இப்பதான் பஸ் ஏறினா. உங்கிட்ட சொல்லச் சொன்னா. பென்ராட் குச்சில கட்டின கண்ணாடிய ஓட்டைக்குள்ள விட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டாராம், ஆபீஸ்ல சொன்னாங்களாம். 'ராணி எனக்காகப் பொய் சொல்லியிருப்பா, அவளையும் சேத்து மாட்டி விட்டுட்டேன் போலிருக்கே, கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு'ன்னா. உன்னை ஒண்ணும் பண்ணலையே?"

"இல்ல," என்றாள் நெட்டி.

அதோடு நிறுத்திக்கொண்டாள். ஐவாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்றைக்காவது அது ஆர்க்கன்சாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சொல்லவில்லை என்பது மட்டுமில்லை. அந்த நேரத்தில் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

வசந்தத்தில் எல்லாவற்றையும் எழுதி ஒரு கடிதம் போட்டாள். முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதை அடுப்பில் போட்டாள். இன்னொன்று எழுத மனம் வரவில்லை. லொரீனுக்குப் பதிலாக வந்தவர் அறுபது வயதுத் தச்சர். நல்ல வேலைக்காரர். தட்டுக்குத் தட்டு பதில் சொல்வார். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார்.

நாற்பத்தைந்து ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜப்பான் சரணடைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாலாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெட்டி உட்படச் சிலரை மட்டும் ஒழுங்குபடுத்துகிற வேலைக்கு ஒரு மாதம் வைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் முடியாததுமாகக் கிடந்த இறக்கைகளை எல்லாம் பின்முற்றத்தில் அடுக்கி, தீயால் அறுத்து, உருக்குவதற்கு அனுப்பினார்கள். தன் முழங்கையும் முட்டியும் தேய்ந்த இடங்கள் துண்டு துண்டாக லாரியில் ஏறுவதை அவள் எண்ணிக்கைப் பலகையோடு நின்று பார்த்தாள். அப்போது ஓரத்திலிருந்து ஒன்றை இழுத்து வந்தார்கள். மேலெல்லாம் தூசி. வெளுத்துப்போன சிவப்புச் சீட்டு ஒன்று கம்பியில் தொங்கியது. தேதி அதே ஜனவரி. சரிசெய்யும் உத்தரவு எந்த மேசையிலோ தங்கிப்போயிருக்கிறது. அதற்குள் இறக்கையின் அமைப்பு மாறிவிட்டது. யாரும் அதைத் தொடவில்லை. அது எங்கும் பறக்கவும் இல்லை, யாரையும் கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

"என்னம்மா, இதையும் அறுத்துடவா?" என்று கேட்டான் அறுக்கிறவன்.

"அறுத்துடுங்க," என்றாள்.

பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சண்டை முடிந்ததும் மூன்றரை அடிக்காரியின் தேவையும் முடிந்தது. வேறு இரண்டு தொழிற்சாலைகளில் கேட்டுப் பார்த்தாள். ஒன்றில் சாக்லேட் கொடுத்து அனுப்பினார்கள். நாடகக் குழுவிலிருந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. லிபுஷாவுக்குத் திரும்பித் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்லவேளையாக வலது காது நன்றாகக் கேட்டது. அங்கே பதினைந்து வருடம். தானியங்கித் தொலைபேசி வந்ததும் மாவட்ட அலுவலகத்தில் வாகன உரிமம் கொடுக்கும் மேசையில், உயரமான நாற்காலியில். கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து ஊர்க் கடிகாரக்காரர் ஒருவர் இரண்டு வருடம் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார். பிறகு அவரும் நின்றுவிட்டார். ஐம்பத்திரண்டில் ஐவா எழுதிய ஒரு கடிதத்தில் லொரீன் கலிஃபோர்னியாவில் எங்கேயோ இருக்கிறாள் என்று இருந்தது. நெட்டி விசாரித்திருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இருபத்தேழு வருடம் ஓடியது.

எழுபத்தொன்பதில் மாவட்டச் செய்தித்தாளில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. போர்க்கால விமானம் ஒன்றைப் பழுதுபார்க்கிறோம், இறக்கை வேலை தெரிந்தவர்கள் தேவை. நெட்டி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். எடுத்தவர் வெண்டல் கிராட்சர், கோதுமை விவசாயி.

"உள்ள நுழைஞ்சு வேலை பாக்க ஆள் இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டாள்.

"அதாம்மா எங்க கஷ்டமே. நாங்க பதினாலு பேரு. பதினாலு பேருக்கும் தொப்பை. உங்க வீட்டுல யாராவது ஒல்லியா இருக்காங்களா?"

"ஒல்லி இல்ல. நான் இருக்கேன்."

அந்த விமானம் சண்டைக்குப் பிறகு மொன்டானா காட்டுத்தீயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு விமான நிலையத்தின் மூலையில் புறாக்களுக்கு வீடாக இருந்தது. அவர்கள் அதைக் கழற்றி, மூன்று லாரிகளில் கொண்டுவந்து, ஒரு பெரிய கொட்டகையில் வைத்திருந்தார்கள். அறுபது வயதில், ஒரு பக்க இடுப்பு வலியோடு, நெட்டி முப்பத்து நான்கு வருடம் கழித்து ஓர் இறக்கைக்குள் தலையை விட்டாள். அந்த வாடை வந்தது. எண்ணெயும் உலோகத் தூளும் கலந்த வாடை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள். வெளியே வெண்டல் கவலைப்பட்டு, "என்னாச்சும்மா? மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"தட்டுங்க," என்றாள். "பேசாதீங்க. தட்டணும்."

ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் போனாள். மங்கிய பழைய ஆணிகளில் சில சாய்ந்து கிடந்தன. யாரோ அடித்தவை, யாரோ சரி என்று சொன்னவை. அவற்றோடே அந்த விமானம் இருபது வருடம் நெருப்புக்கு மேல் பறந்திருக்கிறது. வேலை முடிந்ததும் வெண்டல், "உங்களுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா" என்றார். ஓர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். அவர் மனைவி பழைய தொழிலாளர் சங்கங்களுக்கு எழுதிப்போட்டு, மூன்று வாரத்தில் முகவரியை வாங்கிவிட்டாள். மூன்று வாரம்தான் ஆனது. நெட்டிக்கு அது செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

அடுத்த ஜூலையில் இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து பேக்கர்ஸ்ஃபீல்ட் போய்ச் சேர்ந்தாள். பஸ் நிலையத்தில் நின்றிருந்த லொரீனின் முதுகு கூனியிருந்தது. தலை முழுக்க வெள்ளை.

"ஏ புள்ள, நீ வளந்துட்டியா, நான் கூனிட்டேனா?"

"நீ இறங்கி வந்துட்ட ஒட்டகம்."

லொரீன் குனிந்தாள். தூக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து கட்டிக்கொண்டாள். அந்த வயதில் அவள் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

டூவி உயிரோடு இருந்தான். முப்பது முறை பறந்துபோய்த் திரும்பி வந்தவன். எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இருமிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மூன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் நெட்டியைத் தெரிந்திருந்தது. "இவதான்டா ராணி. நான் தப்பு செஞ்சுட்டு ஓடினப்ப எனக்காக இன்ஸ்பெக்டர்கிட்டப் பொய் சொன்னவ. அந்தாளு கண்ணாடி விட்டுப் பாக்காம இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன்" என்று லொரீன் சொல்ல, மூத்த பெண் மார்லா, "அம்மா இத ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க" என்று நெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை லொரீனும் அவளும் சமையலறையில் உட்கார்ந்து, பாட்டிலில் அடைப்பதற்காகப் பீச் பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். லொரீன் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னொண்ணு தெரியுமா? அன்னிக்கு அந்த ரயிலு நேரத்துக்கே வரல. மூணு மணி நேரம் லேட்டு. ஸ்டேஷன்ல குளுந்துல நடுங்கிக்கிட்டு நின்னேன். அந்தப் பதினொண்ணையும் மாத்தி அடிச்சுட்டு, வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டே வந்திருக்கலாம்."

நெட்டியின் கத்தி நின்றது.

"அவரு கண்ணாடி விட்டுப் பாக்கல லொரீன். நான்தான் சொன்னேன்."

லொரீன் நிமிர்ந்தாள். நெட்டி எல்லாவற்றையும் சொன்னாள். படம், பத்திரிகை, வாசல் காவலாளி, பையில் இருந்த காகிதம், கையிலிருந்த அரைமணி நேரம், ஐவாவிடம் சொல்லாமல் விட்டது. சிவப்புச் சீட்டோடு பின்முற்றத்தில் அறுபட்ட இறக்கை வரைக்கும். கிட்டத்தட்ட ஒரே மூச்சில் சொன்னாள். முப்பத்தாறு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள்.

"எந்தப் படம்?" என்று கேட்டாள் லொரீன் கடைசியில்.

"நீ என்னைத் தூக்கினது."

"நான் தூக்கினேனா?"

"தூக்கின."

"தூக்காதேன்னு நீ சொல்லியிருந்தியா?"

"சொல்லியிருந்தேன். பன் சுடும்போது."

லொரீன் கத்தியைக் கீழே வைத்தாள். "நெனப்பே இல்ல," என்றாள். "செஞ்சிருப்பேன். அந்த வயசுல எதையும் யோசிச்சு செய்யமாட்டேன். அது என் தப்புதான். ஆனா அதுக்கு நீ அன்னிக்கே என் மூஞ்சில துப்பியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். ஒரு வாரம் பேசாம இருந்திருப்போம், அப்புறம் சேந்திருப்போம்."

"ஆமா."

"வேலை போனது பெரிசில்ல. அந்த வருஷம் பூரா எங்க அம்மா வீட்டுல பட்டினி. அதுகூடப் பெரிசில்ல, எல்லாரும் பட்டினிதான்." பழத்தின் தோலை விரலில் சுற்றினாள். "இத எதுக்கு எங்கிட்ட இப்ப வந்து சொன்ன?"

"தெரியணும்னு."

"எனக்குத் தெரியணும்னா, இல்ல உனக்கு இறக்கி வைக்கணும்னா?"

நெட்டி அடுத்த பழத்தை எடுத்தாள். கேள்வி சரியாகத்தான் வந்து குத்தியது.

"ஊரெல்லாம் போயி கஷ்டப்பட்டப்ப, நமக்குன்னு ஒருத்தி பொய் சொன்னாளேன்னு ஒரு தெம்பு இருந்துச்சு," என்றாள் லொரீன். "பிள்ளைங்ககிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன் அந்தக் கதைய. இனிமே அதுல உன்னை எங்க வைக்கிறது, சொல்லு."

பீச்சை உரித்து முடித்தார்கள். பாட்டில்களைக் கொதிநீரில் வைத்தார்கள். மறுநாள் பஸ் ஏற்றிவிட லொரீனே வந்தாள். கையில் இரண்டு பாட்டில் பழம் கொடுத்தாள். "பத்திரமாப் போ" என்றாள். ராணி என்று சொல்லவில்லை.

எண்பத்து மூன்றில் அந்த விமானம் பறந்தது. வெண்டல் நெட்டிக்கு முதல் இருக்கையைக் கொடுத்தார். இத்தனை இறக்கைகளுக்குள் படுத்தவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக வானத்தில் ஏறினாள். கோதுமை அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்தாள். இறக்கை காற்றில் லேசாக மேலும் கீழும் வளைவதைப் பார்த்தாள். அப்படி வளையும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இறங்கியதும் அதைப் பற்றி லொரீனுக்கு ஓர் அட்டை எழுதினாள். ஐந்து மாதம் கழித்துக் கிறிஸ்துமஸுக்குப் பதில் வந்தது. டூவிக்கு இருமல் அதிகம். இந்த வருடம் பீச் பொடிசு. அவ்வளவுதான். அடுத்த வருடம் நெட்டி ஆலங்கட்டி மழையைப் பற்றி எழுதினாள். லொரீன் புது அடுப்பைப் பற்றி எழுதினாள். அப்படியே வருடத்துக்கு ஓர் அட்டை. பதினொரு ஆணியைப் பற்றி இருவரும் எழுதவில்லை.

எண்பத்தேழு மார்ச்சில் மார்லாவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று இருந்தது. கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தாள்: குடும்பத்துக்காக அம்மாவின் கதைகளை எல்லாம் எழுதிவைக்கிறோம். நீங்கள் அம்மாவுக்காக இன்ஸ்பெக்டரிடம் பொய் சொன்ன கதையை, போன கிறிஸ்துமஸுக்குக்கூடப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அதை உங்கள் கையாலேயே எழுதி அனுப்ப முடியுமா?

நெட்டி அந்தக் கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். லொரீன் கதையை மாற்றவில்லை. நெட்டிக்காக மாற்றாமல் விட்டாளா, பிள்ளைகளுக்காகவா, அல்லது தனக்கே அது இல்லாமல் முடியாது என்பதாலா? கேட்பதற்கு ஆள் இல்லை.

நாலாம் நாள் எழுத உட்கார்ந்தாள். சோள ரொட்டியையும் சர்க்கரைப்பாகு டப்பாவையும் பற்றி எழுதினாள். தகட்டில் எப்படித் தட்டுவார்கள் என்று எழுதினாள். ஃபோர்மனை எழுதினாள், ரயிலை எழுதினாள். பென்ராட் வந்து நின்று கேட்ட இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு, "எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்றேன்" என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தாள்.